மருதாயியின் காலும் என் குச்சிகளும்

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம், எங்கள் இன்னிசைக் குழுவில் ரிதம் பேட் வாசித்த லெப்பைக்குடிக்காட்டு அன்சார் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். ஜப்பானில் செய்த அந்தப் பேட் குழுவுக்குச் சொந்தமானது என்பதால் அரியலூரிலேயே தங்கிவிட்டது. வாசிக்கத்தான் ஆள் இல்லை. கோரஸ் பாடிக்கொண்டிருந்த நான், குழுவை நடத்திய வீரமுத்து அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"பழகு பரிமளா. ஆனா ஆடி மாசம் திருமானூர் கச்சேரி வரைக்கும்தான் டயம். அங்க சரியா வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது" என்றார்.

பேட் என்பது ஒரு கறுப்புப் பெட்டி. மேலே எட்டு ரப்பர் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஓசை: தபேலா, டோலக், டிரம், ஜால்ரா என்று. எதில் எது என்று மறக்காமலிருக்க எட்டு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டேன். குச்சியால் தட்டினால்தான் ஓசை. தட்டாவிட்டால் அது வெறும் பெட்டி. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

தினமும் மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகினேன். சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கும் என் கணவர் மணிவேலுக்கு, ரப்பரில் குச்சி படும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"ஒம் பொண்டாட்டி தெனமும் என்னத்தப் போட்டு இடிக்குதுன்னு பக்கத்து வூட்ல கேக்குறாங்கடி."

"ஜப்பான் மாவு இடிக்குதுன்னு சொல்லுங்க."

இடது கை பிந்தியது. அதனால் கூட்டுவது, மாவு பிசைவது எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றினேன். பாட்டு சூடு பிடித்தால் கை முந்தி ஓடியது. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துப் பார்த்து அதை அடக்கினேன். பெட்டியில் அம்மன் கோயில் பம்பை மேளத்தின் ஓசை இல்லை. டோலக்கின் சுருதியை இறக்கி இறக்கிப் பம்பை போல ஆக்குவதற்குப் பதினோரு நாள் பிடித்தது.

ஆகஸ்ட் 8, ஆடி நான்காம் வெள்ளி, திருமானூர் அம்மன் கோயில் திருவிழா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேடையில் பேடை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தபோது, விழாக் கமிட்டித் தலைவர் கொளஞ்சி வந்தார்.

"என்னய்யா வீரமுத்து, பம்பைக்காரன் எங்க?"

"எல்லாம் இந்தப் பேட்லயே வரும்ங்க. இவங்க வாசிப்பாங்க."

"அதுவா அடிக்கிற மிஷினுக்கு ஆளு எதுக்கு? டேப்பு ரிக்கார்டர் முன்னாடி நானுந்தான் உக்காருவேன். எனக்கும் ஒரு பொன்னாட போடுவியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அடுத்த வருசம் நெசமான மேளக்காரனோட வா, இல்லாட்டி வராத" என்று முடித்தார். வீரமுத்து அண்ணன் என் பக்கம் திரும்பாமலே "சரிங்க" என்றார். என் இடம் போய்விட்டது என்று அப்போதே புரிந்தது.

ஏழரை மணிக்கு அம்மன் பாட்டு எடுத்தோம். இரண்டாவது சரணத்தில் கொளஞ்சியின் அக்கா மருதாயிக்கு அருள் வந்துவிட்டது. கூட்டம் விலகி இடம் விட்டது. நாங்கள் கேசட்டில் இருக்கும் அளவுக்குப் பாடி, ஆறாவது நிமிடத்தில் வழக்கம்போல நிறுத்திவிட்டோம். நானும் குச்சியைத் தூக்கிவிட்டேன். சுழன்றுகொண்டிருந்த மருதாயி தடுமாறி நின்றார்.

"ஏய், நிறுத்தாதீங்கய்யா! சாமி நிக்கிது!" என்று கூட்டத்திலிருந்து கத்தினார்கள்.

அருளோடு ஆடுகிறவர் தானாக அடங்கும்வரை மேளம் நிற்கக் கூடாது. அது எல்லாருக்கும் தெரியும். மேடையில் எங்களுக்குத்தான் மறந்துபோயிருந்தது. பாட்டு முடிந்துவிட்டதால் பாடகருக்கோ கீபோர்டு வாசித்த வீரமுத்து அண்ணனுக்கோ என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் பேடில் பம்பை ஓசையை எடுத்தேன். முதலில் பாட்டின் வேகத்திலேயே அடித்தேன். மருதாயியின் கால் அதில் நிற்கவில்லை. தரையை ஓங்கி உதைத்து என்னை முறைத்தார். அதன் பிறகு நான் பேடைப் பார்க்கவில்லை. மஞ்சள் பூசிய அந்த இரண்டு பாதங்களைத்தான் பார்த்தேன். இடது கால் விழுந்தால் கனத்த ஓசை, வலது கால் விழுந்தால் சன்ன ஓசை. அவர் விரைந்தால் விரைந்தேன். திடீரென்று ஒற்றைக் காலில் நின்றார். குச்சி நுனியால் சின்னதாக உருட்டிக்கொண்டு காத்திருந்தேன். அந்தக் கால் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அது இறங்கிய நொடியில் என் குச்சியும் இறங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

பதினான்கு நிமிடம். பிறகு பூசாரி கற்பூரம் காட்டி விபூதி பூச, மருதாயி மெல்ல உட்கார்ந்தார். நானும் மெல்ல நிறுத்தினேன். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது.

கொளஞ்சி மேடையேறி என் கைகளையே பார்த்தபடி நின்றார்.

"ஏம்மா, அக்கா காலு எறங்குறது ஒனக்கு எப்புடித் தெரிஞ்சிது?"

"கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே இருந்தேங்க."

அவர் விபூதித் தட்டை வாங்கி முதலில் என்னிடம் நீட்டினார். வீரமுத்து அண்ணனிடம், "வர்ற வருசமும் இந்தப் பொண்ணுதான் வரணும்" என்றார்.

"வேற யாரு வரப்போறாங்க?" என்றார் அண்ணன், ஏதோ அவர்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததைப் போல.

அடுத்த பாட்டுக்குத் தயாரானோம். எந்தப் பாட்டானாலும் அண்ணன்தான் கையை உயர்த்தி ஒன்று, இரண்டு எண்ணுவார், நாங்கள் தொடங்குவோம். அன்று அவர் கீபோர்டின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ கணக்கு குடு" என்றார்.

இரண்டு குச்சிகளையும் தலைக்கு மேல் உயர்த்தி ஒன்றோடொன்று நான்கு முறை தட்டினேன். எல்லாரும் என் கணக்கில் எடுத்தார்கள்.