ஈரச்சந்தை: ஒரு நிமிடம் முப்பத்திரண்டு

ஜம்ப்பி கார்ட் என்ற வீடியோ விளையாட்டு வந்து முப்பது வருடம் ஆகிறது. இதுவரை ஏழு பாகங்கள். ஏழையும் நான் ஓட்டியிருக்கிறேன். எல்லாம் ஓசூர் பாகலூர் சாலையில் சமியுல்லா அண்ணனின் டிவி ரிப்பேர் கடையில், பின்அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில், தனியாக.

முதல் பாகம் என்னைவிட வயதில் மூத்தது. அதில் மேடே கிடையாது. பாயில் வரைந்த கோலம் போலத் தட்டையான ரோடு, அதன்மேல் குட்டி வண்டியில் ஒரு நீர்நாய். இரண்டாவதில் மலை வந்தது, மலையிலிருந்து விழுவதும் வந்தது. மூன்றாவதில் மழை. நான்காவதிலிருந்து ரோடு தலைகீழாகக்கூடப் போகும். ஆறாவதில் வண்டிக்குச் சக்கரம், பாடி எல்லாம் நம் இஷ்டப்படி மாட்டிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது முதல் மூன்றும்தான். அவற்றில் விழுந்தால் நாமே ஏறி வரவேண்டும், தூக்கிவிட ஆள் வராது.

ஒவ்வொரு ரோட்டுக்கும் நோட்டில் இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். எந்த வளைவு எத்தனை எண்ணிக்கையில் வரும் என்று எழுதியிருப்பேன். எண்ணுவது கம்பெனியில் வந்த பழக்கம். சிப்காட்டில் வண்டிகளுக்கு வயரிங் கட்டும் லைனில் வேலை. பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். வாய்க்குள் எண்ணியபடி கட்டினால்தான் கை பிந்தாது. லைனில் எல்லாப் பெண்களும் எண்ணுவோம்.

அதற்கு முன்னால் அஞ்செட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வாத்தியார் கேள்வி கேட்பார். பதில் எனக்குத் தெரியும். அதை வாய்க்குக் கொண்டுவருவதற்குள் அவர் அடுத்த பெண்ணிடம் போயிருப்பார். 'மந்தம்' என்று ரேங்க் கார்டில் எழுதினார். பத்தாவது பாதியில் நின்றுவிட்டேன். அந்தச் சொல் மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் சமியுல்லா அண்ணன் என் நேரங்களையெல்லாம் பெங்களூர் ஜம்ப்பி சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே அஸ்வின் என்பவர்தான் யார் எந்த ரோட்டை எவ்வளவு நேரத்தில் முடித்தார்கள் என்று பட்டியல் வைத்திருப்பவர். பதில் வந்தது. நான்காம் பாகத்திலிருந்து நான் அவர்களோடு ஒரு நொடி முன்னே பின்னே இருந்தேன். முதல் மூன்று பாகங்களில் எல்லா ரோட்டிலும் வெகுதூரம் பின்னால். முதல் பாகத்தின் ஈரச்சந்தை என்ற ரோட்டில் அவர்களுடைய சிறந்த நேரம் எழுபத்தேழு நொடி. என்னுடையது ஒரு நிமிடம் முப்பத்திரண்டு. 'பழைய பாகங்களில்தான் உண்மையான கை தெரியும். இவர் கொஞ்சம் ஸ்லோ' என்று அஸ்வின் எழுதியிருந்தார்.

அதை நான்கு தடவை படித்தேன். முப்பதாம் வருட விழாவுக்காக அவர்கள் ஓசூருக்கே வருகிறார்கள் என்றதும், என் பேரைக் கொடுக்கும்படி அண்ணனிடம் சொன்னேன். மனிதர்கள் முன்னால் நான் ஓட்டியதே இல்லை. ஆனாலும் நான் மந்தமா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. மெஷின், டிவி எல்லாம் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். ஓட்ட வேண்டியது ஈரச்சந்தை, மூன்று சுற்று. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. என்கூட சமியுல்லா அண்ணனும் ஜைபாவும் வந்தார்கள். ஜைபா அவருடைய தங்கை, லைனில் எனக்குப் பக்கத்துப் பலகை.

"ஏண்டி மாதேஸ்வரி, பொண்ணு பாக்க வந்தாகூட இப்பிடி நடுங்க மாட்ட போல. அந்த நீர்நாயே பரவால்ல, தெம்பா ஒக்காந்திருக்குது பாரு" என்றாள்.

ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கினேன். பாட்டு ஆரம்பித்தது. எனக்கு மனப்பாடமான பாட்டு, யாரோ துரத்துவது போல ஓடியது. மீன்கடை வளைவு நான் எண்ணி முடிப்பதற்குள் வந்து நின்றது. முட்டினேன். பாலத்தில் விழுந்தேன். கூடைக்காரி திருப்பத்தில் மறுபடி முட்டினேன். பின்னால் யாரோ, "ஓசூரு டியூப்லைட்டு" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது.

ஜைபா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "வா போலாம். இவனுங்க என்ன, பெரிய கலெக்டருங்களா? போற வழியில பானிபூரி வாங்கித் தரேன்."

"இருடி. எண்ண வுடு" என்றேன்.

படியில் உட்கார்ந்தேன். என் நோட்டில் பாலம் ஆறு எண்ணிக்கை. இன்று ஐந்திலேயே முடிந்தது. மீன்கடைக்கு முன்னால் உள்ள நேர் ரோடு பன்னிரண்டு. இன்று பத்து. கூடைக்காரி திருப்பம் பதினெட்டு. இன்று பதினைந்து. பயத்தில் எண்ணிக்கை தப்பினால் ஒரு இடத்தில் அதிகமாகும், ஒரு இடத்தில் குறையும். இப்படி எல்லா இடத்திலும் ஆறுக்கு ஐந்து என்று அளந்தது போலத் தப்பாது. மாதக் கடைசியில் லைனை வேகப்படுத்தும்போது இப்படித்தான் இருக்கும். சூப்பர்வைசர் சொல்லவே மாட்டார். எண்ணிக்கை இடிப்பதை வைத்து நாங்களே கண்டுபிடிப்போம்.

எழுந்து உள்ளே போனேன். அஸ்வின் முன்னால் நின்று, வார்த்தை வாய்க்கு வருவதற்குக் காத்திருந்தேன். அவர் வேறு பக்கம் திரும்பப் போனார். சட்டென்று அவர் மேசைமேல் கையை வைத்தேன்.

"உங்க மெஷின் வேகமா ஓடுதுங்க."

"ஏனம்மா, தோத்துட்டு மெஷின் மேலயா குத்தம்?" என்று அவர் சிரித்தார்.

"இல்லீங்க. ஆறு எண்றதுக்கு அஞ்சுதான் வருது. எல்லா எடத்துலயும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஆறுக்கு அஞ்சா? உங்க மெஷின் எங்க வாங்கினது?"

சமியுல்லா அண்ணன் எட்டிப் பார்த்தார். "எங்க மாமா துபாய்லருந்து கொண்டாந்தாரு. பழைய கேம் மூணும் அதுலதான் ஓடுது."

அஸ்வின் நெற்றியில் கை வைத்தார். அந்தக் காலத்தில் துபாய்ப் பக்கம் விற்ற மெஷின் நொடிக்கு ஐம்பது படம் காட்டுமாம். இவர்களுடையது அமெரிக்காவில் விற்றது, அறுபது காட்டும். துபாய் மெஷினில் விளையாட்டே அந்த அளவுக்கு மெதுவாக ஓடுமாம். "நான் இத கேட்டிருக்கணும். கேக்காம எழுதிட்டேன்" என்றார்.

"அய்ய, அப்ப பத்து வருசமா நானு தூங்குற மெஷினையா வாடகைக்கு வுட்டேன்?" என்றார் சமியுல்லா அண்ணன்.

"நீ மட்டும் என்னவாம், டிவிய திறந்து வெச்சிட்டு தூங்குறவன்தான" என்றாள் ஜைபா.

அஸ்வின் போனில் கணக்குப் போட்டார். என் தொண்ணூற்றிரண்டு நொடி இவர்கள் மெஷினில் எழுபத்தாறரையை ஒட்டி வரும். சங்கத்தின் சிறந்த நேரத்தைவிடக் குறைவு. "இதையே பட்டியல்ல போட்டுடறேன், பக்கத்துல ஒரு குறிப்பு எழுதி. முதல் இடம். சரிதான?"

ஜைபா என் முதுகில் அடித்தாள். நான் தலையாட்டியிருக்கலாம். ஆனால் அது பட்டியலில், காகிதத்தில் மட்டும் வரும் முதல் இடம். மந்தம் என்பதும் காகிதத்தில்தான் வந்தது.

"வேணாங்க. எனக்கு இன்னொரு வாய்ப்பு இருக்குது. இதுலயே ஓட்டறேன்."

"ஏண்டி, குடுக்கறத வாங்கிக்கோயேன்!" என்றாள் ஜைபா.

உட்கார்ந்தேன். உடனே தொடங்கவில்லை. பாட்டை மட்டும் ஓடவிட்டு, அதன் வேகத்துக்கு வாய்க்குள் எண்ணினேன். மாதக் கடைசியிலும் எண்ணிக்கையை மாற்ற மாட்டோம், எண்ணும் வேகத்தைத்தான் மாற்றுவோம். பின்னால் யாரோ, "சீக்கிரம் மா" என்றார்கள். இன்னும் ஒருமுறை எண்ணினேன். பிறகுதான் அழுத்தினேன்.

மீன்கடை வளைவு பன்னிரண்டில் வந்தது. கூடைக்காரி பதினெட்டில் வந்தாள். முதல் சுற்று முடிந்ததும் பின்னால் இருந்தவர்கள் கிட்ட நெருங்கினார்கள். இரண்டாம் சுற்றில் எதிலும் படவில்லை. மூன்றாம் சுற்றில், முதல் வாய்ப்பில் விழுந்த அதே பாலம். விரல் தானாகப் பிரேக்கைத் தொட்டது. ஒரு தொடுதல்தான். உடனே விட்டுவிட்டேன்.

எழுபத்தேழு புள்ளி ஆறு.

அஸ்வின் பலகையில் எழுதினார். முதல் இடம் எழுபத்தேழிலேயே நின்றது. நான் இரண்டாவது. ஜைபா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். நான் திரையையே பார்த்தேன். எங்கே போனது அந்த நேரம் என்று எனக்குத் தெரியும். கையில் இல்லை, எண்ணிக்கையில் இல்லை.

அஸ்வின் பக்கத்தில் வந்து குனிந்தார். "கடைசிப் பாலத்துல ஏன் பிரேக்?"

"பயந்துட்டேங்க."

"பயப்படலன்னா?"

இந்த முறை பதில் வாயிலேயே இருந்தது.

"எழுபத்தாறரை."

அஸ்வின் தலையாட்டினார். எனக்கு அடுத்து ஓட்டவேண்டிய ஆள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் எழுந்து ஜாய்ஸ்டிக்கை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்காமல், "அந்தப் பாலத்த எத்தன எண்ணிக்கைல தாண்டுறீங்க?" என்று கேட்டார்.