முதல் எழுத்து மட்டும் வெள்ளை

மலைச்சரிவில் பாறைகளை அடுக்கித் தலைவரின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரு பந்தாட்ட மைதானம் அளவு. ஆற்றுக்கு அப்பால் போகிற லாரிக்காரன் நிமிர்ந்து பார்த்தாலே போதும், படித்துவிடுவான். மழைக்காலம் முடிவதற்குள் கற்கள் கறுத்துவிடும் என்பதால், வசந்தம் வந்ததும் கீழே இருக்கிற ஊரார் ஏறிப்போய்ச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்தக் குழுவுக்கு மெரெமேதான் தலைவி.

அந்த வருஷம் யாரும் ஏறவில்லை. தலைநகர் திரானாவின் நடுச் சதுக்கத்தில் நின்ற தலைவரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிட்டதாகப் போன மாதமே செய்தி வந்திருந்தது. மாதக் கடைசியில் தேர்தல். கட்சியை எதிர்த்து இன்னொரு கட்சி நிற்கிற முதல் தேர்தல்.

ஊரின் கட்சிச் செயலாளர் ஹுஸ்னி, மெரெமேயைக் கூட்டுப்பண்ணை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

"என்ன தோழர் மெரெமே, மலை கறுத்துக் கிடக்கு?"

"கூப்பிட்டாலும் யாரும் வரமாட்டேங்கறாங்க, தோழர் செயலாளர்."

"வராட்டிப் போகட்டும். உனக்குக் கை இல்லையா? தேர்தலன்னிக்கு மாவட்டத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. பேரு பளிச்சுனு இருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராக்கிப்பை நான் மறக்கல. மேல ஒரு வார்த்தை போட்டா வெளிய வந்துடுவான். ஆனா நான் போய்ப் பேசணும்னா இங்கேர்ந்து ஏதாவது காட்டணும்ல?"

ராக்கிப் அவளுடைய அண்ணன். ஏழு வருஷமாகச் செப்புச் சுரங்கச் சிறையில் இருந்தான். செய்த குற்றம் இதுதான்: ஒரு வசந்தத்தில் மலைமேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது, "இவ்வளவு சுண்ணாம்பையும் நம்ம வீட்டுச் சுவத்துல அடிச்சிருந்தா மூட்டைப்பூச்சியாவது செத்திருக்கும்" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அதில் ஒருவர் சிரித்துவிட்டுப் போய்ச் சொல்லியும் விட்டார். பத்து வருஷம் கொடுத்தார்கள்.

தலைவரை அந்த ஊர் ஒரு காலத்தில் மனதார நேசித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில், இளைஞனாக, கிழிந்த பூட்ஸோடு மலையிலிருந்து இறங்கி வந்து ஓர் இரவு இங்கே தங்கினார். மெரெமேயின் அப்பா அவருக்குச் சோள ரொட்டி கொடுத்தார். வென்று வந்ததும் அவர் ஜமீன்தாரின் நிலத்தைப் பிரித்து ஏழைகளுக்குக் கொடுத்தார்; அப்பாவுக்கும் பங்கு கிடைத்தது. அப்பா அந்த மண்ணைக் கையில் அள்ளி அழுதாராம். சில வருஷத்தில் அந்த நிலமும் அதிலிருந்த ஆலிவ் மரங்களும் கூட்டுப்பண்ணைக்குப் போயின. பிறகு ஆடும் போயிற்று. பள்ளிவாசல் தானியக் கிடங்காயிற்று. எல்லையை மூடினார்கள், வயலுக்கு நடுவில் காளான் மாதிரி கான்கிரீட் பதுங்குகுழிகளைக் கட்டினார்கள். தலைவர் செத்தபோது ஊரே அழுதது. மற்றவர்களைவிட மெரெமே சத்தமாக அழுதாள். அண்ணன் உள்ளே இருந்தான். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கைதிகளை விடப்போகிறார்கள் என்று இப்போதும் ஒரு பேச்சு அடிபட்டது. முன்பும் இரண்டு முறை அப்படிப் பேச்சு வந்தது. யார் யாரோ வந்தார்கள், ராக்கிப் வரவில்லை. பேச்சை நம்பி உட்கார்ந்திருப்பதா, ஹுஸ்னியை நம்பி மலை ஏறுவதா என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். அண்ணனைச் சிறையில் போய்ப் பார்க்க அனுமதி கிடைத்ததெல்லாம் ஹுஸ்னி சொன்னதால்தான். மூன்றாம் நாள் காலை குழியிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

குழாயடியில் நஜியே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, வாய்க்குப் பூட்டு கிடையாது.

"எங்கடி கிளம்பிட்ட? அந்த ஆளு செத்து ஆறு வருஷமாச்சு. இன்னும் முகத்துக்குப் பவுடர் போட்டு விடப்போறியா?"

"என் வேலைய நான் பாக்கறேன். நீ உன் வேலையப் பாரு."

"நான் பாத்துக்கறேன்டி. நாளைக்கு எதிர்க்கட்சி ஜெயிச்சா உன்ன யாரு பாத்துக்குவா?"

"என் அண்ணன் வந்தாப் போதும். அப்புறம் எவன் ஜெயிச்சா எனக்கென்ன?"

நஜியே குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

தனி ஆளாக மெரெமேயால் நாளைக்கு ஒரு மூலைதான் முடிக்க முடிந்தது. கீழே ஓடைக்கும் மேலே எழுத்துக்குமாக வாளியைச் சுமந்தாள். உள்ளங்கை வெந்து தோல் உரிந்தது. ஒரு வாரத்துக்குமேல் ஆயிற்று, முதல் எழுத்து முடிய. அதன் கடைசிப் பாறையை அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ மூச்சிரைத்தபடி வந்து நின்றார்கள்.

"சுண்ணாம்பு ரொம்பத் தண்ணியா இருக்கு."

திரும்பினாள். வயதான ஆள். முன்பற்கள் இல்லை. தோளில் ஒரு துணிமூட்டை.

"நீங்க யாரு? மாவட்டத்துலேர்ந்து வர்றீங்களா?"

"சுண்ணாம்பப் பத்திப் பேசினதுக்கு முன்ன ஒருதடவை உள்ள தூக்கிப் போட்டாங்க. இப்பப் பேசலாம்னு கேள்விப்பட்டேன். சரிதானா?"

மட்டைத் தூரிகை அவள் கையிலிருந்து நழுவியது. குரல்தான் அவனுடையது, மற்றதெல்லாம் யாரோ ஒருவருடையது. அவள் கட்டிக்கொண்டபோது அவன் சட்டை முழுக்க வெள்ளையாயிற்று.

"கீழ நஜியே சொன்னா, 'உன் தங்கச்சி மேல இருக்கா'ன்னு. பாலத்துலேர்ந்தே பார்த்தேன், ஒரே ஒரு எழுத்து பளிச்சுனு. எந்தப் பைத்தியக்காரன் இன்னும் இதுக்கு அடிக்கறான்னு நினைச்சேன்."

"உனக்காகத்தான் அண்ணே. ஹுஸ்னி மேல சொல்றேன்னான். இத முடிச்சா உன்ன விடுவாங்கன்னு..."

"ஹுஸ்னியா?" ராக்கிப் பாறையில் உட்கார்ந்தான். ஈரம் காயவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. "என்ன மட்டும் விடலடி. எல்லாரையும் விட்டாங்க. கதவத் திறந்தான், 'போங்கடா'ன்னான். அங்கேர்ந்து நாலு நாளாச்சு, லாரி லாரியா மாறி வர."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். நாலு நாளாக அவள் சுமந்த வாளியெல்லாம் வெளியே வந்துவிட்ட அண்ணனுக்காக. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"திட்டேன் அண்ணே. எதாவது சொல்லு."

"எதுக்குத் திட்டணும்? நானும் சிறைக் கொட்டடிக்கு எதிர்க்க இதே பேரக் கல்லுல எழுதினேன். ஒரு ரொட்டி கூடுதலாக் குடுத்தாங்க." மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "வா, கீழ போகலாம். எனக்குப் பசிக்குது."

தேர்தலில் நகரங்களில் கட்சி தோற்றது, கிராமங்களில் ஜெயித்தது. அவர்கள் ஊரிலும் ஜெயித்தது. மறுநாளே ஹுஸ்னி ஒரு பாட்டில் ராக்கிச் சாராயத்தோடு வீட்டுக்கு வந்தார். வந்தவரை வாசலில் நிறுத்தக்கூடாது. மெரெமே காபி போட்டாள்.

"ராக்கிப்பு, நல்லபடியா வந்து சேர்ந்தே. பாத்தியாம்மா, சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டேன்!"

ராக்கிப் சிரித்தான். பல்லில்லாத வாயை மறைக்கக்கூட இல்லை. சாராயம் ஊற்றிய கண்ணாடிக் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். அவனுக்கு அது வெறும் வேடிக்கை. மெரெமேயால்தான் சிரிக்க முடியவில்லை.

"அப்புறம், மிச்ச எழுத்தெல்லாம் எப்ப முடிப்பே?" என்றார் ஹுஸ்னி. "முதல் எழுத்து மட்டும் தனியா நிக்குது. பாக்கறவன் சிரிப்பான்."

"எங்கண்ணன் வந்துட்டாரு. மிச்ச எழுத்துக்கு, இன்னும் யாரு வீட்டு ஆளு உள்ள இருக்கோ, அவங்களப் போய்க் கேளுங்க."

"யாரும் உள்ள இல்லையே இப்ப!"

"அப்ப கறுத்தே கிடக்கட்டும்."

ஹுஸ்னி காபியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வருஷம் அவர் கட்சியும் போயிற்று. சந்தையில் அவர் சிமென்ட் கடை வைத்தார்.

மற்ற எழுத்துகளைப் புதர் மூடியது. அவள் இரண்டு பூச்சு அடித்திருந்ததால் முதல் எழுத்து மட்டும் வருஷக்கணக்கில் வெளுத்தே நின்றது. அது என்னவென்று கேட்கிற பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். நகரத்துக்குப் பஸ்ஸில் போகும்போது ராக்கிப் எப்போதும் மலை தெரியாத பக்கம் உட்காருவான். மலைப் பக்கத்து ஜன்னலோரம் மெரெமே உட்கார்ந்துகொள்வாள்.