சத்திரத்தில் வயலின்

கலைவாணனுக்குச் சிமென்ட் ஆலையில் இரவு வேலை. பகலில் அவன் தூங்க வேண்டும். அவன் மனைவி பிரவீணா வயலின் பழக வேண்டும். ஒரே வீட்டில் இரண்டும் நடக்காது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

கீழப்பழுவூரில் அவள் பிறந்த வீட்டாருக்குச் சொந்தமான பழைய சத்திரம் சும்மா கிடந்தது. கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்தைய கருங்கல் கட்டடம். அதில் ஓர் அறையைக் கழுவி, ஜமக்காளம் விரித்தாள். கல்லில் ஆணி இறங்கவில்லை. தூணுக்குத் தூண் கயிறு கட்டிப் பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டாள். வில்லை இழுத்தாள். ஒரு ஸ்வரம் போனது. நான்கு திரும்பி வந்தன.

“யாரோ பழிப்புக் காட்டுற மாதிரியே இருக்குண்ணே,” என்று அண்ணன் வீரமுத்துவிடம் புலம்பினாள்.

வீரமுத்து விவசாயி. விலை ஏறட்டும் என்று வைத்திருந்த பருத்தி மூட்டைகளைச் சுவரோரம் கூரை வரை அடுக்கிக் கொடுத்தான். எதிரொலி அடங்கியது. பிரவீணாவுக்குத் தைரியம் வந்து, சிவராத்திரிக் கச்சேரிக்கு வாய்ப்புக் கேட்டாள். விழாக் குழுத் தலைவர் செல்லமுத்து நேரில் வந்து கேட்பதாகச் சொன்னார்.

அவர் வருகிற அன்று காலையில்தான் பருத்திக்கு விலை வந்தது. வீரமுத்து அத்தனையையும் லாரியில் ஏற்றிவிட்டான்.

பிரவீணா ஓடிவந்து பார்த்தால், அறை முழுக்கச் சின்ன வெங்காய மூட்டைகள். ஓரமாக நாலைந்து பெண்கள் உட்கார்ந்து வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார்கள்.

“சுவரு வெறுமையா இருந்தா ஒனக்கு ஆவாதுல்ல? அதான் இதை அடுக்கிட்டேன்,” என்றான் அண்ணன் பெருமையாக.

சண்டை போட நேரமில்லை. செல்லமுத்து வந்து உட்கார்ந்துவிட்டார். பிரவீணா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்தாள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்த கலைவாணன் துண்டால் கண்ணைத் துடைத்தான். முடிந்தபோது செல்லமுத்துவின் கன்னத்திலும் நீர் வழிந்தது.

“மனசை என்னமோ பண்ணிருச்சும்மா. நீயே வாசிச்சிடு.”

பிரவீணாவால் சும்மா இருக்க முடியவில்லை. “ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இது வெங்காயத்துனால வந்த கண்ணீருங்க.”

அவர் சிரித்துவிட்டார். “பெரம்பலூர்ல எனக்கு வெங்காய மண்டிம்மா. கல்யாணமான நாள்லேருந்து அதுலதான் கெடக்கிறேன். வெங்காயத்துக்கெல்லாம் என் கண்ணு கலங்காது.”

பிரவீணாவுக்கு இப்போது நிஜமாகவே அழுகை வந்தது.

“ஆனா நடுவுல சுருதி கொஞ்சம் வெலகுது. அதனால, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே வாசிச்சிடு,” என்றவர் வீரமுத்து பக்கம் திரும்பினார். “தம்பி, மூட்டை என்ன வெலை?”

வீரமுத்து வாயைத் திறப்பதற்குள் பிரவீணா வயலினோடு மூட்டைகளை மறித்து நின்றாள்.

“சிவராத்திரி முடியட்டும்ணே. அதுவரைக்கும் ஒரு மூட்டையும் இங்கேருந்து நகரக் கூடாது.”