ஈரப்பாய்

மூன்று வருஷமாகச் சுருளிவேலை ஊரில் யாரும் சுருளிவேல் என்று கூப்பிடவில்லை. ஈரப்பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். சிலமலைச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவளுக்குக்கூட அந்தப் பேர்தான் தெரியும். அந்தப் பேரை வைத்த பிச்சைமணியை நினைக்காமல் அவன் ஒரு வாய்ச் சோறு தின்றதில்லை.

போடிப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சித்திரை விடுமுறையில் மலையேறி, போடிமெட்டுக்குக் கீழே ஒரு எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில் தங்குவார்கள். காய் பறிப்பு இல்லாத மாதம்; காய் உலர்த்தும் அந்தக் கட்டடம் காலியாகத்தான் கிடக்கும். கேம்பு என்பார்கள். ஆரம்பித்துவைத்தது வாத்தியார் ஒருவர். சடங்குகளை மட்டும் பையன்களே உண்டாக்கிக்கொண்டார்கள், அதற்கென்ன குறைச்சல்.

பெரிய சடங்கு பேர் வைப்பது. கடைசி நாள் காலையில், படிப்பு முடிக்கிற பெரியவன் ஒருவன் புதுப் பையனுக்குத் தாய்மாமனாகி, அவனை மடியில் உட்காரவைத்து, நாக்கில் சீனித்தண்ணீர் தொட்டுவைத்து, காதில் மூன்று தரம் பேரைச் சொல்வான். மலையடி ஊரான முந்தலில் வீட்டார் காத்திருப்பார்கள். வீட்டு மூத்தவர் அந்தப் பேரை மூன்று தரம் உரக்கச் சொல்லிக் கூப்பிட்டால்தான் பையனை விடுவார்கள். வைத்த பேர் சாகிறவரை போகாது. அதை இறக்கிவைக்க ஒரே ஒரு வழி உண்டு. தனக்குப் பேர் வைக்கும் முறை வரும்போது, தன் பேரையே புதியவன் தலையில் கட்டிவிடலாம். அதற்கப்புறம் பழையவனை அப்படிக் கூப்பிடுகிறவன் கேம்புக்கே ஆகாதவன்.

சுருளிவேல் புதுப் பையனாக வந்த வருஷம், எல்லாரும் ஓடையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அவன் இடத்தில் கிடந்த பாய் நனைந்து நாறியது. இது என் பாயில்லை என்று தொண்டை கிழியக் கத்தினான். யார் கேட்டார்கள்? பெரியவனான பிச்சைமணிதான் மடியில் இழுத்துப்போட்டு அந்தப் பேரை வைத்தான். பேர் மலையிறங்கி மாமன் வீட்டுக்கும் போனது. அவனுக்கென்று சின்னதிலேயே சொல்லிவைத்திருந்த பெண்ணை, படுக்கையில் மோளுகிறவனுக்குக் கொடுப்பதா என்று மாமன் கைவிரித்துவிட்டார். அடுத்த தையில் மாமன் மகள் ஜக்கம்மாளின் கழுத்தில் தாலி கட்டியது யார் என்கிறீர்கள்? அதே பிச்சைமணி.

இந்த வருஷம் பேர் வைக்கும் முறை சுருளிவேலுக்கு. புதுப் பையன்களில் ஒருவன் வீரையா, பிச்சைமணியின் சொந்தத் தம்பி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஈரப்பாயை அந்த வீட்டிலேயே இறக்கிவிடலாம். தம்பியை அப்படிக் கூப்பிடும்போது பிச்சைமணியின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து அவன் சிரித்துக்கொண்டான்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் விடியலில் ஓடைப்பக்கம் போனவன், வீரையா தனியாக உட்கார்ந்து பாயைத் தேய்ப்பதைப் பார்த்தான்.

"யார்ட்டயும் சொல்லிராதண்ணே. எங்க வீட்டுல ஆம்பளைகளுக்கு இது உண்டு. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் இருந்துச்சாம்."

"ஒங்கண்ணனுக்கா?"

"ஆமாண்ணே. இங்கயும் ஒருநா ஆயிருச்சாம். பக்கத்துல படுத்திருந்தவன் பாயோட மாத்திப் போட்டுட்டேன், ஒரு பயலும் கண்டுபிடிக்கலைன்னு சொல்லுச்சு. நீயும் அப்படிச் செஞ்சிருன்னு சொல்லித்தான் அனுப்புச்சு. எனக்கு மனசு வரலைண்ணே."

யார் பாய் என்று பையனுக்குத் தெரியாது. சுருளிவேலுக்கு அந்த ஈரப் பாயைப் பிடுங்கி, அதிலேயே பிச்சைமணியைச் சுருட்டி மலையிலிருந்து உருட்டிவிட வேண்டும்போல வெறி வந்தது. பிறகு பாயின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்துகொடுத்தான்.

மறுநாள் காலை வீரையாவை மடியில் வைத்தான். சீனித்தண்ணீர் தொட்டுவைத்தான். ஈரப்பாய் என்று சொன்னால் போதும், தன் பேர் தன்னிடம் திரும்பிவிடும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, காதில் வேறொன்றைச் சொன்னான். பையன் விழித்தான்.

"இந்தப் பேரு எதுக்கு மாமா?"

"ஒங்கண்ணனுக்குத் தெரியும்."

முந்தலில், வீட்டு மூத்தவனாகப் பிச்சைமணி வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாய் நின்றான். பக்கத்தில் ஜக்கம்மாள், கையில் சோற்றுத்தூக்கோடு. சுருளிவேல் வீரையாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்.

"பேரு, பாய்மாத்தி தம்பி. கூப்பிடுங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. பிச்சைமணியின் முகம் செத்துவிட்டது.

"இதென்னடா பேரு? வேற வையி."

"வச்சது வச்சதுதான். நீங்க எனக்கு வச்சப்ப நான் வேற கேட்டனா?"

கூட்டத்தில் பழைய பையன் ஒருவன் மெதுவாகக் கேட்டான். "ஏப்பா, அந்த வருசம் ஈரப்பாய்க்குப் பக்கத்துல படுத்தது யாரு? நம்ம பிச்சைமணிதான?"

வெயிலில் பையன் நின்றான். வேறு வழியில்லை. பிச்சைமணி ஒரு தரம் கூப்பிட்டான். இரண்டாம் தரம் குரல் உடைந்தது. மூன்றாம் தரம் உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கலை," என்றான் சுருளிவேல்.

"பாய்மாத்தி தம்பி," என்று பிச்சைமணி கத்தினான். சுருளிவேல் பையனின் கையை விட்டான்.

ஜக்கம்மாள் சோற்றுத்தூக்கைக் கீழே வைத்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் புருஷன் பாயை அலசுகிறவள் அவள்தானே.

"அப்ப அது ஒங்க பாயா?" என்று புருஷனைக் கேட்டாள். "அதச் சொல்லித்தான் எங்கப்பன்கிட்ட என்னையக் கேட்டீகளா?"

பிச்சைமணி அங்கவஸ்திரத்தை இழுத்து முகத்தைத் துடைத்தான். சுருளிவேலுக்கு இரக்கம் கொஞ்சமும் வரவில்லை. மூன்று வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது. ஊர் முன்னால் மானம் போனது எனக்குந்தானே என்பதுபோல ஜக்கம்மாள் தன்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில்தான் அது அப்படியே நெஞ்சில் அடைத்தது.

"ஈரப்பாயி, மூட்டையைத் தூக்கு. நேரமாச்சு," என்றான் ஊருக்குப் போகிற வண்டியிலிருந்து ஒருவன், பழக்கத்தில்.

"வர்றேன்," என்றான் சுருளிவேல்.