டாக்டரம்மாவுக்கு இன்னும் சீட்டுக் கிடைக்கவில்லை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்து வந்தது. ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். உத்தனப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. சாலையோரம் மாரியம்மன் திருவிழா பேனர். அம்மனுக்கு ஒரு மூலையைக் கொடுத்துவிட்டு மீதி இடம் முழுக்க ஒரு பெண்பிள்ளையை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். ‘எங்கள் ஊரின் வருங்கால மருத்துவர்’ என்று கீழே எழுதியிருந்தது. ஸ்டுடியோக்காரர் அவள் முகத்தை மட்டும் வெட்டி யாரோ ஒரு டாக்டரின் உடம்பில் ஒட்டியிருந்தார். அது ஆண்பிள்ளை உடம்பு. புறங்கை முழுக்க ரோமம். ஊரே வந்து போகிற இடத்தில் அதை ஒருத்தரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முதலில் சிரித்தேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எரிச்சல் வந்துவிட்டது. எரிச்சல் வந்தால்தான் எனக்கு எழுத வரும்.

2

தொடக்கம், முதல் வரைவு: ‘சுவாதிக்குச் சின்ன வயதிலிருந்தே ஓவியம் என்றால் உயிர். பாடப் புத்தகத்தின் ஓரங்களில் அவள் வரைந்த பறவைகள்—’

வேண்டாம். ஒரு பெண்ணை டாக்டருக்குப் படிக்கச் சொன்னால் உடனே அவளுக்குள் ஓர் ஓவியரோ பாடகியோ ஒளிந்திருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? சுவாதிக்குப் படம் வரைய வராது. அவள் வரைந்த தவளையைப் பார்த்துவிட்டு வகுப்பே உருளைக்கிழங்கு என்றது.

இரண்டாம் வரைவு: ‘குடமிளகாய்த் தோட்டங்களின்மேல் வெண்பனி படர்ந்த அந்த இளங்காலையில்—’

இதுவும் வேண்டாம். பனியை வைத்துப் பக்கம் நிரப்புகிற வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

மூன்றாவது: சுவாதிக்குப் பத்தொன்பது வயது. இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள், இரண்டு முறையும் சீட்டுக் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை எழுதவைப்பதற்காகத் தருமபுரிப் பக்கம் ஒரு கோச்சிங் விடுதியில் அவளை இன்று சேர்க்கப்போகிறார்கள். அப்பா ராஜப்பன் வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் சுவாதிக்கு நாளைக் காலை ஓசூரில், செல்போன் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும். இன்டர்வியூவுக்குப் போனதும் வேலை கிடைத்ததும் வீட்டில் யாருக்கும் தெரியாது. காரில் ஏறினால் வேலை போய்விடும். வாயைத் திறந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

இது அழகான தொடக்கமில்லை. ஆனால் இதில் பொய் இல்லை.

3

இனி அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தனியார் விடுதிப் பள்ளி. (தேடாதீர்கள், நான் கட்டியது.) அங்கே உயிரியல் வாத்தியார் குருமூர்த்தி. அவர் வகுப்பில் மூன்று வரிசை. மின்விசிறிக்குக் கீழே இருப்பது டாக்டர் பெஞ்சு. நடுவில் இன்ஜினியர் பெஞ்சு. கதவோரம், கழிப்பறை நாற்றம் வருகிற இடத்தில், கம்பெனி பெஞ்சு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து அவரே உட்காரவைப்பார். டாக்டர் பெஞ்சுப் பிள்ளைகள் வருகைப் பதிவின்போது பட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “டாக்டர் சுவாதி, பிரசன்ட் சார்.” பதினாறு வயதில் தொடங்கி இரண்டு வருடம் தினமும் காலையில் அவள் இதைச் சொன்னாள்.

கதவோரத்தைப் பார்த்து அவர் சொல்வது வேறு. “நீங்கல்லாம் கம்பெனி பஸ்ஸுக்குக் கை காட்டப் போறவங்க. உங்களுக்கு எதுக்குடா இதயத்தோட படம்?”*

வீட்டுக்கு வந்தால் ராஜப்பன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்த நாளோடு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். “டாக்டரம்மா, சாப்டியா?” “டாக்டரம்மா, அந்த மோட்டார நிறுத்து.” அம்மா காவேரி அவளை வெங்காயம் அரிய விடுவதில்லை. “வேணாம் வேணாம், நாளைக்கு ஆபரேசன் பண்ற கையி” என்று கத்தியைப் பிடுங்கிக்கொள்வாள். ஊர்க்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். மாத்திரை அட்டையை நீட்டி “இது சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா?” என்று கேட்பார்கள். ஒருமுறை ஒருவர் வயிறு உப்பிய கன்றுக்குட்டியையே ஓட்டிக்கொண்டு வந்தார். சுவாதி தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லி அனுப்பினாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

* குருமூர்த்தியின் சொந்த மகன் அந்தக் கதவோரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய மதிப்பெண்காரன். அவனை அவர் வேறு பள்ளியில் சேர்த்திருந்தார்.

4

இந்த இடத்தில் எனக்கு அவள்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் வேண்டாம், சரி. அதற்காகக் கம்பெனியா? நின்றுகொண்டே திருகாணி முடுக்குவதா ஒரு கதாநாயகியின் கனவு? விமானம் ஓட்டுகிறேன் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். நானே கேட்டேன்.

“எட்டு மணி நேரம் சார்,” என்றாள். “மணி அடிச்சா வெளிய வந்துரலாம். நாளைக்கு என்னா ஆவப்போறன்னு அங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

“அவ்வளவுதானா?”

“ஏன் சார், பத்தலையா?”

பத்தவில்லை. உங்களுக்கும் பத்தவில்லை என்று எனக்குத் தெரியும். கம்பெனி ஒன்றும் சொர்க்கமில்லை. அவளோடு ஆரம்பப் பள்ளியில் படித்த சுசித்ரா அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் கால் வீங்கி, செருப்பு நுழையாது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் சுவாதி அந்த வேலையைத்தான் கேட்டாள். அவளை இன்டர்வியூவுக்குக் கூட்டிப்போனதே சுசித்ராதான்.

சுசித்ராவின் அம்மா சரசம்மா ராஜப்பன் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவள். சுவாதி அந்தக் கம்பெனிப் பெண்ணோடு பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் ராஜப்பன், “அவங்கூட்டுப் பொண்ணு போற எடம் வேற, நம்மூட்டுப் பொண்ணு போற எடம் வேற” என்பார். எந்தத் தெருவுக்கு எந்த பெஞ்சு என்று அவர் குருமூர்த்திக்கு முன்பே பிரித்துவைத்திருந்தார்.

5

காலை எட்டரை மணி. பெட்டி காரில் ஏறிவிட்டது. புதுச் சுடிதாரில் சுவாதி வாசலில் நிற்கிறாள். வேலை கிடைத்ததை இன்னும் சொல்லவில்லை. அப்போது சரசம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“டாக்டரம்மா, செத்த என்னான்னு பாரு. ராவெல்லாம் வாந்தி. கண்ணு மசமசன்னு இருக்குது. வாயில எச்சில் ஊறிக்கிட்டே கெடக்கு.”

“நேத்து என்னா வேலை பாத்தீங்க சரசக்கா?”

“பாலிஹவுஸ்ல மருந்தடிச்சாங்க இல்ல, நாந்தான் ஓஸ் புடிச்சேன்.”

காற்றுப் போகாத அந்தக் கூடாரத்துக்குள் குடமிளகாய்க்கு அடித்த பூச்சிமருந்து. விஷம் உடம்பில் ஏறியிருக்கிறது. இது சுவாதிக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்வியாகத் தெரியும். அந்தக் கேள்விக்கு வியர்க்கும் என்றும் கை நடுங்கும் என்றும் யாரும் காட்டியதில்லை.

“நான் டாக்டர் இல்ல சரசக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும் நீங்க.”

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அதைச் சொன்னாள். சரசம்மா காதில் அது வேறு மாதிரி விழுந்தது. வாசல் கல்லைவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“தொட்டுப் பாக்க வேணாம்னா வேணாம்னு சொல்லிரு தாயி. தெரியாதுன்னு சொல்லாத. போன வாரம் மேலத்தெருல கையப் புடிச்சிப் பாத்தியே.”

சுவாதிக்கு அவமானம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ச் சரசம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி துடித்தது. அது சரியான துடிப்பா, தப்பான துடிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் ராஜப்பன் பெருமையோடு, “பாரு காவேரி, எப்பிடிப் புடிக்கிறா” என்றார்.

“அப்பா, வண்டிய எடுங்க. ஓசூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்.”

“அட்மிசனுக்கு நேரமாவுதும்மா. நல்ல நேரம் வேற போயிரும். நீயே ஏதாச்சும் மாத்திரை சொல்லி அனுப்பு. வெயிலு தாங்கல அவளுக்கு, மோரு குடிச்சாச் சரியாயிரும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மருந்தடிச்சதுல ஆச்சுன்னு அங்க போயி சொன்னா கேசு கீசுன்னு இழுப்பாங்க” என்றார்.

மனிதருக்குக் குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டும். ஆஸ்பத்திரிதான் வேண்டாம்.

6

இங்கே காரை நிறுத்திவைத்திருக்கிறேன். அது தருமபுரிக்குப் போகிற ராயக்கோட்டைப் பக்கம் போகுமா, ஓசூர் பக்கம் திரும்புமா? மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன்.

அ. ராஜப்பன் மனம் மாறுகிறார். ‘கண்கள் கலங்க, “என் கண்ணத் தொறந்துட்டம்மா” என்று மகளின்—’ ராஜப்பன் அழ மாட்டார். விலை இல்லாமல் தக்காளியைக் கூடை கூடையாக ரோட்டில் கொட்டிய அன்றுகூட அழாதவர்.

ஆ. சுவாதி பாடப் புத்தக அறிவை வைத்துச் சரசம்மாவைக் காப்பாற்றிவிடுகிறாள். ஊர் கைதட்டுகிறது. அவளுக்குத் தன் கடமை புரிந்து, சந்தோஷமாகக் கோச்சிங் போகிறாள். இதைக் குருமூர்த்தி வகுப்பில் சத்தம் போட்டு வாசிப்பார். அந்த ஒரு காரணம் போதும், கிழித்துவிட்டேன்.

இ. சரசம்மா சாகிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ராஜப்பன் வசமாக மாட்டுவார். கதைக்கும் கனம் கூடும். பரிசு கொடுப்பவர்களுக்குச் சாவு என்றால் ஒரு மரியாதை உண்டு.

(‘108-க்கு ஒரு போன் போட வேண்டியதுதானே’ என்று முணுமுணுக்கிற வாசகருக்கு: எனக்கும் தெரியும். கூப்பிட்டால் வரும். ஆனால் ஆம்புலன்ஸை உள்ளே விட்டால் ராஜப்பன் தப்பித்துக்கொள்வார். அவரைச் சந்தி சிரிக்கவைக்கத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். சரசம்மா இன்னும் ஒரு பக்கம் பொறுத்துக்கொள்ளட்டும்.)

7

சுவாதி பொறுக்கவில்லை. ஒரு கையால் சரசம்மாவைப் பிடித்துக்கொண்டே மறுகையால் போனை எடுத்தாள். நான் எழுதாத வேலை அது.

“உத்தனப்பள்ளிக்குப் பக்கத்துலங்க. பூச்சிமருந்து. இல்லைங்க, குடிக்கல. தோட்டத்துல அடிச்சது.”

அப்பாவின் காதில் விழட்டும் என்றே சத்தமாகப் பேசினாள். போனில் பேசியவர்கள் துணியை மாற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். சரசம்மாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். அந்த வீட்டுக் குளியலறைக்குள் சரசம்மா அதுவரை கால் வைத்ததில்லை. “உன் நைட்டியா, வேணாம் தாயி, அய்யா திட்டுவாரு” என்று அந்த நிலைமையிலும் மறுத்தாள். காவேரி வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். புதுச் சுடிதார் முழுக்க நனைந்துபோயிற்று.

“மருந்துன்னு எதுக்கும்மா சொன்ன?” என்றார் ராஜப்பன் வெளியிலிருந்து.

“மருந்துதானேப்பா.”

ஆம்புலன்ஸ் வந்தது. என் மூன்று முடிவுகளும் குப்பைக்குப் போயின. எனக்குக் கோபம்தான். வீட்டிலும் வகுப்பிலும் சொன்னதைச் சொன்னபடி செய்தவள், எழுதுகிறவன் சொன்னால் மட்டும் கேட்க மாட்டாளாம்.

சரசம்மாவை ஏற்றினார்கள். அவளோடு சுவாதியும் ஏறி உட்கார்ந்தாள். ராஜப்பன் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

“டாக்டரம்மா, எறங்கு. நேரமாவுது.”

ஆம்புலன்ஸில் வந்த பையன் தெற்குச் சீமைக்காரன், பேச்சில் தெரிந்தது. “நீங்க டாக்டரா மேடம்?” என்றான்.

“ஆமாங்க,” என்றாள் சரசம்மா, வாயில் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டே. “எங்கூரு டாக்டரம்மா.”

பையன் சுவாதியைப் பார்த்தான். அவன் கேட்டது சாதாரணக் கேள்வி. தினமும் எல்லோரிடமும் கேட்பது.

“பேஷண்டுக்கு நீங்க யாரு? சொல்லுங்க, எழுதணும்.”

டாக்டர் என்று சொன்னால் அப்பா முகம் மலரும், நாளைக்கு அவள் கோச்சிங் விடுதியில் இருப்பாள். தோட்டத்துக்காரர் மகள் என்று சொன்னால் மருந்து யாருடையது என்பது எழுத்தில் ஏறிவிடும். இவங்க பொண்ணோட ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேரப்போகிறவள் என்று சொன்னால், காலையிலிருந்து சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம் வாசலிலேயே உடைந்துவிடும்.

சுவாதி பதில் சொன்னாள். தயங்கவில்லை. சரசம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். காவேரி வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜப்பன் பிடித்திருந்த கார்க் கதவைச் சாத்தவும் இல்லை, விடவும் இல்லை.

எனக்குக் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திய சத்தத்தில் அந்த வார்த்தை போய்விட்டது. வண்டி ஓசூர் பக்கம் திரும்பி, பார்வைக்குத் தப்பிவிட்டது.

கேட்டிருந்தாலும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் இதற்குள் முடிவுசெய்துவிட்டீர்கள். அதைத்தான் சொன்னாளா என்று தெரிந்துகொள்ளத்தான் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்படி எதிர்பார்த்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துவிட்டது. தள்ளி நில்லுங்கள்.