ஆறடி பிளேடும் நாலடி பிளேடும்

திங்கட்கிழமை காலை ஆபீஸ் வேன் எங்கள் பாதை முனையில் வந்து நிற்கும். டிரைவர் நல்ல மனிதர்தான். ஆனால் ரோட்டை விட்டு உள்ளே இறங்கமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வாசலிலிருந்து ரோடு வரை எங்கள் மண்பாதை இருக்கிற லட்சணம் அப்படி. இரண்டு பக்கமும் வண்டித்தடம் பள்ளமாக விழுந்து, நடுவில் வரப்பு மாதிரி மேடு தட்டிக் கிடந்தது. என் சக்கர நாற்காலியை அதில் இறக்கினால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும், இன்னொன்று பள்ளத்தில் தொங்கும்.

விபத்துக்குப் பிறகு வீட்டோடு முடங்கிக் கிடந்தவளைப் பழைய வேலைக்கே கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் நாளே யாராவது என்னைத் தள்ளிக்கொண்டு போய் வேனில் ஏற்றிவிடுவதில் எனக்கு இஷ்டமில்லை. வேன் வரைக்கும் நானே போகவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. இதை என் வீட்டுக்காரரிடம் வெளிப்படையாகச் சொன்னேன்.

"அதுக்கென்ன, நம்மகிட்ட டிராக்டர் இருக்கு. பின்னாடி மண்ணைச் சீவுற லெவலிங் பிளேடு ஒண்ணு மாட்டி இழுத்தா பாதை பளிங்கு மாதிரி ஆயிடும்" என்றார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது.

டிராக்டர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகப்படி. எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவே புகுந்து போகிற குட்டி வண்டி அது. அதற்கு எத்தனை அடி பிளேடு? ஆறடி என்றார் இவர். நாலடி என்றான் என் தம்பி. அவன் லாரிப் பட்டறையில் வெல்டர். வாசலில் என் நாற்காலி இறங்குவதற்காகப் போட்ட சரிவில் நான் உட்கார்ந்திருக்க, ஆறும் நாலும் என் தலைக்கு மேலே பறந்தன.

"நாலடின்னா எத்தனை தடவை போயிட்டுப் போயிட்டு வர்றது? ஆறடின்னா ஒரே இழுப்பு. வேலை முடிஞ்சுது."

"அதை இழுக்க உங்க வண்டிக்குத் தெம்பு வேணாமா மாமா? பின் சக்கரம் ரெண்டையும் மூடுற அளவு இருந்தாப் போதும். அதுக்கு மேல போனா வண்டிதான் திணறும்."

"லாரி உனக்குத் தெரியும் மச்சான். டிராக்டர் எனக்குத் தெரியும்."

"ஏங்க..." என்றேன் நான்.

"இரும்மா. பேசிட்டிருக்கோம்ல."

பேசினார்கள். வெள்ளிக்கிழமை ஆறடி பிளேடு வந்து இறங்கியது. கேட்டில் நுழையும்போதே தூணை உரசிப் பெயின்ட்டைப் பெயர்த்தது. பாதையில் இறக்கி இழுத்தால், பத்தடி போவதற்குள் அதன் முன்னால் மண் குவிந்து, வண்டி உறுமி, முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. எஞ்சின் நின்றுபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது. சரிவான இடத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது நான் கத்தியே விட்டேன். தம்பி பதறி ஓடினான். ஆனால் வண்டி நிமிர்ந்ததும் அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. இவருக்கு அதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை இவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய், இந்தப் பின் சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து அந்தச் சக்கரத்தின் வெளி விளிம்பு வரை அளந்தார். நாலடிக்கு ஒரு விரல் குறைவு. போதாததற்குக் கேட்டையும் அளந்தார். ஆறடியை ஒரு வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய், சண்டை போட்டு, நாலடியாக மாற்றிக்கொண்டு சாயங்காலம் வந்தார். தான் தோற்றதை ஒத்துக்கொள்ளவில்லை. "கடைக்காரரும் இதான் சரின்னாரு" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சேர்ந்து பிளேடை மாட்டினார்கள். நான் சரிவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி பாதையில் இறங்கிப் போனது, திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. இரண்டு பக்கப் பள்ளமும் அப்படியே இருந்தது. டயர் ஏறி ஏறி இன்னும் ஆழமாகிவிட்டது.

இவர் இறங்கிப் பின்னால் போய் நின்று பார்த்தார். பிளேடுக்கு வெளியே இந்தப் பக்கம் அரையடி டயர், அந்தப் பக்கம் அரையடி டயர்.

"நேத்து நான் அளக்கும்போது நாலடிதானே இருந்துது? ஒரே ராத்திரியில டயர் வளர்ந்துடுச்சா?"

தம்பி தலையைச் சொறிந்தான். முந்தின நாள் அவன் பட்டறையிலிருந்து ஜாக்கி கொண்டுவந்து வண்டியைத் தூக்கியது எதற்கென்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

இந்த வண்டியின் பின் சக்கரங்களைக் கழற்றித் திருப்பி மாட்டலாம். உள்பக்கமாக மாட்டினால் ஒடுங்கும், வெளிப்பக்கமாக மாட்டினால் அகலும். மரங்களுக்கு நடுவே போகவேண்டும் என்று இவர் எப்போதும் உள்பக்கமாகத்தான் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை வண்டி சாய்ந்ததைப் பார்த்துப் பயந்துபோன தம்பி, இவர் கடைக்குப் போன நேரத்தில், கவிழாமல் இருக்கட்டும் என்று வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டான். நல்லதுக்குத்தான் செய்தான். சொல்லத்தான் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மச்சான்?"

"வண்டி ஓட்டறவருக்கு வித்தியாசம் தெரியலேன்னா நான் என்ன மாமா பண்ண?"

"சரி, ஜாக்கியை எடு. திருப்பி மாட்டுவோம்."

"ஜாக்கி பட்டறையில இருக்கு. பட்டறை பூட்டியிருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. விடிந்தால் திங்கட்கிழமை. இவர்கள் இரண்டு பேரும் டயரைக் காட்டிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த முகங்களைப் பார்க்கப் பிடிக்காமல் பாதையைப் பார்த்தேன்.

டயர்கள் பழைய பள்ளத்திலேயே ஓடியிருந்தன. அதனால் பிளேடு நடு மேட்டை மட்டும் சீவி எடுத்திருந்தது. ஓரத்தில் மண் சிதறிக் கிடந்தாலும், நடுவில் கெட்டியான அடித்தரை ஒரே மட்டமாக ரோடு வரை போனது.

நான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சரிவில் இறங்கி, நடுப்பாதையில் சக்கரத்தை வைத்தேன். புதையவில்லை. கையால் ஒரு தள்ளு தள்ளினேன். நாற்காலி போனது.

பாதி தூரம் போன பிறகுதான் பின்னால் சத்தம் நின்றது.

"அக்கா! எங்க போற?"

திரும்பிப் பார்க்காமல் ரோடு வரை போனேன். வேன் நிற்கிற இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். திரும்பி ஏறும்போது தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. எதிரே ஓடிவந்த இவர் பழக்கதோஷத்தில் பின்னால் வந்து பிடியைப் பிடித்தார்.

"கையை எடுங்க."

எடுத்துவிட்டார். கூடவே நடந்து வந்தார். பிறகு என்ன தோன்றியதோ, சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் குனிந்து, என் நாற்காலியை இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை அளந்தார்.

"ரெண்டரை அடிகூட இல்லையே!" என்றார். அதிசயம் கண்ட குரல்.

நேற்று அந்த டேப் டிராக்டரை அளந்தது, கேட்டை அளந்தது. என் பக்கம் நீண்டது இப்போதுதான்.

"நடு மேட்டை மட்டும் சீவினாப் போதும்னு நீ சொல்லியிருக்கலாமே..."

"சொல்ல விட்டீங்களா?"

இவர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் தம்பி உற்சாகமாக வந்து சேர்ந்தான்.

"மாமா, போன் பண்ணிட்டேன், பட்டறை ஓனர் சாவி தர்றேன்னுட்டாரு. ஜாக்கியைக் கொண்டு வந்து சக்கரத்தைத் திருப்பிட்டா, முதல்லேர்ந்து முழுசா ஒரு தடவை இழுத்துடலாம்."

இவர் கண்ணிலும் ஆசை எட்டிப் பார்த்தது. நான் பார்த்துவிட்டேன்.

நடுப்பாதையில் அப்படியே நின்று, இரண்டு பிரேக்கையும் போட்டேன்.

"நாளைக்கு நான் வேன் ஏறிப் போற வரைக்கும் அந்த வண்டி இந்தப் பாதையில இறங்கக்கூடாது" என்றேன். "இறக்கணும்னா என் மேல ஏத்திட்டுப் போங்க."