உணர்ச்சிச் சக்கரத்தில் வேர்வை இல்லை

ஒரே மாதத்தில் இரண்டு பேர் ரெனிதாவின் வாயைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். இருவரும் டைலர்கள். வேலையை விடக் காரணம் என்ற கட்டத்தில் முதலாமவள் "சூப்பர்வைசர் வாய்" என்று எழுதியிருந்தாள். இரண்டாமவள் அதையே சற்று விளக்கமாக, "நாலாம் லைன் சூப்பர்வைசர் வாய்" என்று எழுதியிருந்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற அந்தக் கம்பெனியில் இதற்கு முன்பும் ஆட்கள் வேலையை விட்டு நின்றிருக்கிறார்கள். காரணக் கட்டத்தை யாரும் படித்ததில்லை. புதிதாக வந்த எச்.ஆர். மேனேஜர் திவ்யா படித்துத் தொலைத்தாள்.

"உங்க வேலைல குறை சொல்ல ஒண்ணுமில்ல ரெனிதா. டார்கெட்ல நாலாம் லைன்தான் முதல்ல நிக்குது. ஆனா ஆளுங்க ஓடிட்டா யாரு தைக்கிறது? நாலு சனிக்கிழமை ஒரு லைஃப் கோச் வர்றாரு. பரிவான தலைமைன்னு பயிற்சி. கடைசில அவர் ரிப்போர்ட் குடுப்பாரு. மாறிட்டாங்கன்னு எழுதினா நீங்க அப்படியே தொடரலாம்."

"எழுதலன்னா மேடம்?"

திவ்யா குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டாள். "ஒண்ணாம் தேதிலேர்ந்து மறுபடி மிஷின்ல உக்காரணும்."

ரெனிதா ஏழு வருடம் மிஷினில் உட்கார்ந்துவிட்டு எழுந்தவள். எழுந்து ஆறு வருடமாகிறது. எழுந்த அன்று ஆவடி சேக்காட்டில் அவள் குடியிருக்கும் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். இப்போது மறுபடி உட்காருவது என்றால் வீடு வீடாகப் போய் லட்டைத் திருப்பிக் கேட்பது மாதிரி. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆறு வருடமாக யார் யாரைப் பார்த்து "கை மிஷின்ல இருக்கு, மனசு மாமியார் வூட்ல இருக்கா?" என்று கேட்டாளோ, அந்தப் பதினெட்டுப் பேருக்கு நடுவில் உட்கார வேண்டும். அவர்களுக்கும் வாய் உண்டு. ஆறு வருடமாக உபயோகிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

கோச்சின் பெயர் பிரசன்னா. முப்பத்தொரு வயது. முன்பு சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவர். மூன்று வார இறுதிகளில் பயிற்சி பெற்று மனிதர்களுக்கு மாறியிருந்தார். கேன்டீனுக்கு மேலே இருந்த அறையில் ஆறு சூப்பர்வைசர்களையும் வட்டமாக உட்காரவைத்தார். கீழே கொதித்த சாம்பாரின் வாசனையை ஆழமாக உள்ளே இழுக்கச் சொன்னார். பிறகு சுவரில் ஒரு படத்தை ஒட்டினார். அது உணர்ச்சிச் சக்கரம். ஏக்கம், தவிப்பு, ஆற்றாமை, நன்றியுணர்வு என்று எழுபத்திரண்டு உணர்ச்சிகள் கலர் கலராக அதில் இருந்தன.

"உங்க டீமோட மனசுக்குள்ள கடைசியா எப்ப எட்டிப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

ஐந்து பேர் சக்கரத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் லைன் விக்ரம் மட்டும் அழுதான். விக்ரம் ஆயுத பூஜையில் பூசணிக்காய் உடைத்தபோதும் அழுதவன்தான். ஆனால் அது பிரசன்னாவுக்குத் தெரியாது. அவனுக்கு முதல் நாளே நோட்டில் ஒரு நட்சத்திரம் போட்டார்.

வீட்டுப்பாடம் எளிமையானது. வாரம் மூன்று பேரைத் தனியாக அழைத்து, கண்ணைப் பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிடம் குறுக்கே பேசக் கூடாது. அவர்கள் சொல்வதில் தெரிகிற உணர்ச்சியைச் சக்கரத்தில் தேடிப் பிடித்து ஃபார்மில் எழுத வேண்டும்.

திங்கட்கிழமை ரெனிதா காஜா தைக்கிற நிஷாவை நூல் ரேக் பக்கம் அழைத்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தனக்கே அன்னியமான ஒரு குரலில் கேட்டாள்.

"எப்படி இருக்க நிஷா?"

நிஷா நிமிர்ந்து நின்றாள். "குடிதண்ணி ரெண்டு எடத்துல வச்சிருக்காங்க மேடம். பாத்ரூமுக்கு எப்ப வேணா போலாம். ஓவர்டைம் எங்க இஷ்டம். சூப்பர்வைசர் மேடம் அன்பா நடத்துவாங்க."

"நான்தான்டி சூப்பர்வைசர் மேடம்."

"தெரியும் மேடம்."

விஷயம் இதுதான். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை சட்டை வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருவார்கள். தொழிலாளர்களைத் தனியாக அழைத்து, கண்ணைப் பார்த்து, மென்மையாகக் கேள்வி கேட்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே சூப்பர்வைசர்கள் பதில்களை மனப்பாடம் செய்யவைப்பார்கள். அதில் ரெனிதாவை மிஞ்ச ஆளில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாலாம் லைன் வரிசை மாறாமல் சொல்லும். அந்தக் கம்பெனியில் ஒருவர் அன்பாகப் பேசினால் அது ஆடிட். இதைத் தவிர வேறு அர்த்தத்துக்கு யாரும் பழகவில்லை.

"ஆடிட் இல்ல. சும்மாதான் கேட்டேன்."

நிஷாவின் முகம் வெளுத்தது. "சும்மாவா? இன்னா மேடம் ஆச்சு? என்னிய நிறுத்தப் போறாங்களா?"

மற்ற இருவரும் அதே பதிலைச் சொன்னார்கள். ஒருத்தி தீயணைப்புச் சிலிண்டர் இருக்கிற இடத்தையும் சேர்த்துச் சொன்னாள். ரெனிதா மூன்று கட்டத்திலும் "பாதுகாப்பு உணர்வு" என்று எழுதிக் கொடுத்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை பிரசன்னா எல்லா ஃபார்மையும் படித்து நெகிழ்ந்துபோனார். "பாருங்க, ஆறு லைன்லயும் ஒரே உணர்வு, ஒரே வார்த்தைகள்கூட. இவ்வளவு ஒற்றுமைய நான் எங்கயும் பாத்ததில்ல."

ஆறு சூப்பர்வைசர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு சாம்பார் வாசனையைக் கவனித்தார்கள்.

இப்படியே போயிருந்தால் ரெனிதா தப்பித்திருப்பாள். ஆனால் அடுத்த வாரம் கண்ணம்மாவின் முறை வந்தது.

கண்ணம்மா பதினோராவது மிஷின், காலர் வைக்கிறவள். கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து வருகிறாள். அவள் வைத்த காலர் வெட்டிப் பிரித்தாலும் கோணாது. ஆனால் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் ஆடிட் பதில் அவள் வாயில் நிற்காது. அதனால் ஆடிட் நாளில் அவளை மட்டும் ஸ்டோருக்கு நூல்கண்டு எண்ண அனுப்பிவிடுவார்கள். மூன்று வருடமாக இதுதான் வழக்கம்.

"எப்படி இருக்கக்கா?"

"வேர்க்குது."

ரெனிதா ஐந்து நிமிடம் காத்திருந்தாள். கண்ணம்மாவும் காத்திருந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம். மேல ஃபேன் ஓடி எட்டு மாசமாவுது. வேர்க்குது."

ரெனிதா சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எழுபத்திரண்டில் வேர்வை இல்லை. எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. "வேர்க்குது" என்றே எழுதினாள்.

சனிக்கிழமை பிரசன்னா அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "இது உடல் சம்பந்தப்பட்டது மேடம். இதுக்கு அடியில இருக்கிற உணர்ச்சி என்ன?"

"அதுக்கு அடியிலயும் வேர்வைதான் சார்."

"நீங்க அவங்க வேர்வைய அங்கீகரிச்சீங்களா?"

அங்கீகரிப்பது எப்படி என்று அவர் சொல்லிக்கொடுத்தார். திங்கட்கிழமை ரெனிதா பதினோராவது மிஷினுக்குப் போய், "உனக்கு வேர்க்குதுன்னு நான் புரிஞ்சுக்கிறேன் கண்ணம்மாக்கா" என்றாள்.

"சந்தோசம் மேடம்," என்றாள் கண்ணம்மா. "ஃபேன் இன்னா ஆச்சு?"

ரெனிதா தேடிப் போனபோது எலக்ட்ரீஷியன் முகமது ஆசிக் ஏணியோடு நின்றுகொண்டிருந்தான். "கெப்பாசிட்டர் போயிருக்கும்க்கா. பத்து நிமிச வேலை. மேனேஜர் ஸ்லிப் போடட்டும், நான் எப்பவோ ரெடி."

புரொடக்‌ஷன் மேனேஜர் ஞானசேகரனிடம் எதையும் நேராகக் கேட்டால் எரிந்து விழுவார். ரெனிதா பயிற்சியை அவரிடமே போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தாள். கண்ணைப் பார்த்து, "எப்படி சார் இருக்கீங்க?" என்றாள்.

ஞானசேகரன் பேனாவைக் கீழே வைத்தார். முக்கால் மணி நேரம் பேசினார். பூந்தமல்லியில் கட்டுகிற வீட்டில் மேஸ்திரி ஓடிப்போனது, முதுகு வலி, பேசாமலே சாப்பிட்டு எழுந்துபோகிற மகன், நள்ளிரவில் போன் செய்கிற பையர். ரெனிதா குறுக்கே பேசவில்லை. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கம்பெனில யாரும் என்னிய இப்டி கேட்டதில்லம்மா."

"பதினோராம் மிஷின் ஃபேன் சார்…"

"ஷிப்மெண்ட் போவட்டும்," என்றார் ஞானசேகரன், மிகுந்த அன்போடு. அவள் கதவருகே போனபோது கூப்பிட்டார். "சனிக்கிழம கோச் உன் லைன் பொண்ணுங்கள வச்சு விசாரிக்கப் போறாராமே. கண்ணம்மாவ ஸ்டோருக்கு அனுப்பிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொன்னார். கடைசிச் சனிக்கிழமை, லைனிலிருந்து பத்துப் பேரை மேலே அனுப்ப வேண்டும். ரெனிதா பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தாள். பதினோராவது மிஷின் வந்ததும், கூப்பிடாமலே கண்ணம்மா எழுந்து தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஸ்டோருக்குத்தான மேடம்? போறேன்."

முதுகுப் பக்கம் ரவிக்கை முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. மூன்று வாரமாக ரெனிதா கேட்டதில் கிடைத்த நிஜமான பதில் ஒன்றே ஒன்று. அது இப்போது பாட்டிலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கப் பார்த்தது.

"இல்லக்கா. மேல வா."

"நான் எதுனா உளறிடுவேன் மேடம்."

"உளறு."

மேலே வட்டம் கூடியது. பிரசன்னா ஒவ்வொருவராகக் கேட்டார். நிஷா குடிதண்ணியில் ஆரம்பித்து அன்பில் முடித்தாள். அடுத்தவள் சிலிண்டரையும் காட்டினாள். பிரசன்னா கண்களை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கண்ணம்மாவின் முறை வந்தது.

"உங்க மேடம் மாறிட்டாங்களாம்மா?"

கண்ணம்மா ரெனிதாவைப் பார்த்தாள். ரெனிதா தரையைப் பார்த்தாள்.

"மாறுனாங்கன்னு எப்டி சார் சொல்றது? முந்தி திட்டிட்டுப் போவாங்க. இப்போ கேட்டுட்டுப் போறாங்க. திட்டுனா அஞ்சு செகண்டுல முடிஞ்சிடும். இதுக்கு வேலைய விட்டுட்டு எய்ந்து வரணும். டார்கெட் யாரு குடுப்பா? ஃபேன் அப்டியேதான் கீது."

"ஃபேனா?"

"பதினோராம் மிஷின் சார். அஞ்சு நிமிசம் வந்து குந்திப் பாருங்களேன்."

பிரசன்னா மறுக்க முடியாத இடத்தில் இருந்தார். மூன்று வாரமாக அவர் சொல்லிக்கொடுத்ததே அதுதான். கீழே போய், குறுக்கே பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தார். வெளிர் நீலச் சட்டை போட்டிருந்தது தப்பாகப் போயிற்று. மேலே வந்து சக்கரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

அதற்குள் வட்டத்தில் மடை திறந்திருந்தது.

"சார், பாத்ரூம் தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி வெளிய நின்னு புடிச்சுக்கணும்."

"மேடம் லீவு லெட்டர நாலு பேர் முன்னாடி சத்தமா படிக்கிறாங்க சார். எனக்கு இன்னா வலின்னு ஹெல்ப்பர் வரிக்கும் தெரியுது."

"அந்த மாமியார் வூட்டுப் பேச்ச வுட சொல்லுங்க. எனக்கு மாமியாரே இல்ல."

நிஷா கையைத் தூக்கினாள். "குடிதண்ணி ஒரு எடத்துலதான் சார் வச்சிருக்காங்க."

ரெனிதாவின் காது சூடேறியது. வாயில் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் விழுங்கிவிட்டு ஃபார்மைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். பத்தொன்பது விஷயம் ஆயிற்று. ஏழு அவளைப் பற்றியது.

எல்லாரும் ஓய்ந்தபோது பிரசன்னா ரிப்போர்ட்டை எடுத்தார். அதில் இரண்டு பெட்டிதான். மாறிவிட்டார், மாறவில்லை. பேனா இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"உண்மைய சொல்லணும்னா," என்றார், "பதினோரு கம்பெனில இந்தப் பயிற்சி குடுத்திருக்கேன். முதல் தடவையா யாரோ பதில் சொல்லியிருக்காங்க. எனக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல. நீங்களே சொல்லுங்க."

பெண்கள் கூடிப் பேசினார்கள். வரன் பார்த்துவிட்டு வந்த வீட்டில் பேசுவது போல, ரெனிதாவை வைத்துக்கொண்டே பேசினார்கள். வாய் ஜாஸ்தி என்றாள் ஒருத்தி. ஆனால் போன தீபாவளிக்கு முன்பு கட்டிங் லைன்காரன் நிஷாவை இடித்தபோது அதே வாய்தான் துணைக்கு வந்தது என்றாள் இன்னொருத்தி. நிஷா அதை ஒப்புக்கொண்டாள். மிஷினில் உட்காரவைத்தால் அடுத்து விக்ரமைப் போடுவார்கள், அவன் அழுவான், யார் சமாதானப்படுத்துவது என்ற கேள்வியும் வந்தது.

கடைசியில் கண்ணம்மா சொன்னாள். "மாறலன்னு எழுதாதீங்க சார். மாறிட்டாங்கன்னும் எழுதாதீங்க. என்னிய ஸ்டோருக்கு அனுப்பல, அத எழுதுங்க."

பிரசன்னா கையாலேயே மூன்றாவதாக ஒரு பெட்டி வரைந்து, அதில் டிக் போட்டு, பக்கத்தில் அந்த வாக்கியத்தை எழுதினார்.

திங்கட்கிழமை திவ்யா ரிப்போர்ட்டை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஸ்டோருக்கு அனுப்பலன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். ரெனிதா விளக்கினாள். ஆடிட் விஷயமும் சொல்ல வேண்டியதாயிற்று. திவ்யா கீபோர்டில் ஏதோ தட்டிப் பார்த்தாள். பிறகு, கம்ப்யூட்டரில் இரண்டு பெட்டிதான் இருக்கிறது, மூன்றாவதை ஏற்றாது, அதனால் ரிப்போர்ட் நிலுவை, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள். ரெனிதாவின் ஃபார்மின் பின்பக்கத்தில் இருந்த பத்தொன்பதையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். ஃபேனுக்கான ஸ்லிப்பை அவளே போட்டாள்.

ஆசிக்குக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரெனிதா லைனுக்குத் திரும்பியபோது கண்ணம்மாவின் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு மாசம் டைம் குடுத்திருக்காங்க," என்றாள் ரெனிதா, பொதுவாக எல்லாரிடமும்.

கண்ணம்மா காலரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்போ இன்னிக்கி எனக்கு ஒரு பெர்மிசன் வேணும் மேடம். பொண்ணுக்கு ஸ்கூல்ல மீட்டிங். ரெண்டு மணிக்குப் போவணும்."

ரெனிதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஷிப்மெண்ட் இருக்குக்கா. நாலு மணி."

"மீட்டிங்கே நாலு மணிக்கு முடிஞ்சிடும் மேடம். ரெண்டர."

"மூணு. நூறு காலர் முடிச்சுட்டு."

கண்ணம்மா காலர் கட்டைக் கையில் எடுத்து ஒரு பார்வையில் எண்ணினாள். "எம்பது."

"தொண்ணூறு."

"சரி, தொண்ணூறு," என்று மிஷினை மிதித்தாள் கண்ணம்மா. "மெதுவா கேட்டீங்கன்றதுக்காவ."